ஊதாத சங்கும் கேட்காத காதும்

ஆலை விபத்துகள் ஏன் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கின்றன? விசாரணைகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன?

2020 மே 7. கொரோனா ஊரடங்கு தளர்ந்து, நாற்பது நாளுக்கு மேல் பூட்டிக்கிடந்த ஆலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த வாரம். அதிகாலை மூன்று மணி வாக்கில் விசாகப்பட்டினத்தை ஒட்டிய ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில், எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் இறங்கியது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஓடிய வழியிலேயே பலர் மயங்கி விழுந்தார்கள். 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அதே வாரத்தில் சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில், மூடிக்கிடந்த காகித ஆலையைத் திறப்பதற்காகத் தொட்டியைச் சுத்தம் செய்த தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் சுருண்டார்கள். மே 7 மாலை நம்மூர் நெய்வேலியில், இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் பாய்லர் பகுதி வெடித்தது. எட்டுப் பேர் தீக்காயமடைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தார்கள்.

இரண்டே நாளில், மே 9 அன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் அனுப்பியது. ஆலையைத் திறக்கும் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருதுங்கள். உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள் என்றது. நல்ல அறிவுரை. ஆனால் ஜூலை 1 காலை, அதே நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில், அடுத்திருந்த ஐந்தாவது யூனிட் வெடித்தது. அப்போது பாய்லர் இயக்கத்தில் இல்லை என்று நிர்வாகமே சொன்னது. ஆறு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் மேலும் பலர். முதல் வெடிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே 55 நாட்கள்.

ஒரே வளாகத்தில் ஒரு விபத்து நடந்து, அதற்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்று நடந்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் விபத்திலிருந்து யார், என்ன, எப்போது தெரிந்துகொண்டார்கள்? இயந்திரம் பழுதாவதைப் பற்றி நம்மிடம் அறிவு குறைவில்லை. அந்த அறிவு ஓர் ஆலையின் மதில் சுவரைத் தாண்டி அடுத்த ஆலைக்குப் போவதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

நிற்கும் ஆலையின் ஆபத்து

ஓடும் இயந்திரம்தான் ஆபத்து, நிறுத்திவிட்டால் நிம்மதி என்று வெளியாட்கள் நினைப்போம். ஆலையில் ஷிப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள். நிறுத்தும்போதும், பழுதுபார்க்கும்போதும், மறுபடி கிளப்பும்போதும்தான் நெஞ்சு படபடக்கும் என்பார்கள். சீராக ஓடும்போது வெப்பம், அழுத்தம், அளவு எல்லாம் பழகிய எண்களில் நிற்கும். கிளப்பும்போது ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் வெளியாட்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், பிட்டர்கள், வெல்டர்கள் என்று இயந்திரத்தைச் சுற்றி ஆட்களும் அதிகம் நிற்பார்கள்.

பழுப்பு நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். ஈரமும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் நிறைந்த கரி அது. குவித்துப் போட்டால் தானாகவே சூடேறிக் கனியத் தொடங்கும். ஓரிடத்தில் கனிந்துகொண்டிருக்கும் கரியைக் கிளறி, அதன் தூள் காற்றில் மேகமாக எழும்பினால், அந்த மேகமே வெடிமருந்துக்கு ஈடாகிவிடும். பாய்லருக்குள் தீ இல்லாவிட்டாலும் பாய்லரைச் சுற்றி ஆபத்து இருக்கும் என்பதற்கு இது போதும்.

உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹாரில் 2017 நவம்பர் 1 அன்று நடந்ததும் நினைவில் இருக்க வேண்டியது. தேசிய அனல்மின் கழகத்தின் புதிய 500 மெகாவாட் யூனிட் அது. உலையின் அடியில் சாம்பல் இறுகிக் கட்டியாகச் சேர்ந்துவிட்டது. யூனிட்டை முழுக்க நிறுத்தாமல், உற்பத்தியைக் குறைத்துவிட்டு, சேர்ந்த சாம்பலை அகற்றும் வேலை நடந்தபோது வெடித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறுத்தினால் ஏற்படும் நஷ்டத்தை எண்களில் உடனே சொல்லிவிடலாம். நிறுத்தாவிட்டால் வரக்கூடிய நஷ்டத்தை, அது வரும் வரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு நின்ற குளிர்

விசாகப்பட்டினத்துக்கு வருவோம். அந்த விபத்தைப் பற்றி விரிவாக எழுத முடிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஆந்திர அரசு அமைத்த நீரப் குமார் பிரசாத் தலைமையிலான உயர்நிலைக் குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. அது பொதுவெளிக்கும் வந்தது. நம் நாட்டு ஆலை விபத்துகளில் இது அபூர்வம்.

ஸ்டைரீன் தண்ணீர்போல் தெளிந்த திரவம். தெர்மோகோல் முதல் பிளாஸ்டிக் கப் வரை பலவற்றுக்கும் மூலப்பொருள். சும்மா வைத்திருந்தாலும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகப் பார்க்கும். கோக்கும்போது வெப்பம் வெளிப்படும். வெப்பம் ஏறினால் கோப்பது வேகமாகும். வேகமானால் வெப்பம் இன்னும் ஏறும். இந்தச் சுழலைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, திரவத்தை எப்போதும் குளிராக வைத்திருப்பது. மற்றொன்று, டி.பி.சி. என்ற தடுப்பானைச் சேர்ப்பது. அந்தத் தடுப்பான் வேலை செய்யத் திரவத்தில் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். தொட்டி முழுக்கச் சமமாகக் கலந்திருக்கவும் வேண்டும்.

எம்-6 என்ற அந்தப் பழைய தொட்டியில் 1,800 டன்னுக்கும் மேல் ஸ்டைரீன் இருந்தது. ஊரடங்கில் அது எடுக்கப்படாமல் வாரக்கணக்கில் கிடந்தது. குளிரூட்டும் அமைப்பை மாலை ஐந்து மணியோடு நிறுத்திவிடுவது அந்த ஆலையின் வழக்கம். இரவுக் குளிர்ச்சி போதும் என்ற நம்பிக்கை. கோடை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த விசாகப்பட்டினத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை.

வெப்பத்தை அளக்கும் கருவி இருந்தது. ஆனால் தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும். 2019 டிசம்பரில் தொட்டியின் குழாய் அமைப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு திரவம் முன்போல் மேலும் கீழும் சுழன்று கலக்கவில்லை. குளிர்ந்த திரவம் அடியிலேயே சுற்ற, நடுவும் மேலும் சூடேறிக்கொண்டே போயின. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்தது அடியின் எண்ணை. அது ஒழுங்காகவே இருந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. திரவத்தில் பாலிமர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆலையில் சோதிப்பது உண்டு. ஏப்ரல் இறுதியிலேயே அந்த அளவு ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் அதைச் சரக்கின் தரத்தைக் காட்டும் எண்ணாக மட்டுமே பார்த்தார்கள். தொட்டி உள்ளே வேகத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறியாக அதைப் பார்க்க யாரும் பழகியிருக்கவில்லை. தேவையான தடுப்பானும் கையிருப்பில் போதிய அளவு இல்லை.

கடைசியில் ஆவி வெளியேறியபோது, அபாயச் சங்கை இயக்க ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தது, வாயிற்கதவருகிலும் ஒன்று. ஊருக்கு எந்தச் சங்கும் கேட்கவில்லை. விபத்துக்கான 21 முக்கியக் காரணங்களைப் பட்டியலிட்ட குழு, அவற்றில் 20க்கு நிர்வாகத்தையே பொறுப்பாக்கியது.

இந்தப் பட்டியலை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்த ஆப்பரேட்டர் யாரும் இதில் இல்லை; தூங்கிப்போன காவலாளியும் இல்லை. மின்செலவை மிச்சம் பிடிக்கும் ஒரு வழக்கம், குழாயில் ஒரு மாற்றம், தவறான இடத்தில் ஒரு கருவி, தவறாகப் படிக்கப்பட்ட ஓர் எண். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சின்ன விஷயம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அலுவலக முடிவு இருந்தது.

போபாலில் அணைத்து வைத்தவை

விசாகப்பட்டினம் அறிக்கையைப் படித்தபோது போபாலை அறிந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையில் ஈ-610 என்ற நிலத்தடித் தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதுவும் குளிராகவே இருக்க வேண்டிய திரவம். அதைக் குளிர்விக்கும் அமைப்பை அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு ஆலையில் அந்த ரசாயனத்தின் உற்பத்தியும் நடக்கவில்லை. இருப்பில் வைத்திருந்ததுதான் ஊரைக் கொன்றது.

தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து வினை தொடங்கியது. தடுக்க வேண்டிய ஏற்பாடுகள் வரிசையாகக் கைவிட்டன. வெளியேறும் வாயுவைக் கழுவிச் செயலிழக்கச் செய்யும் அமைப்பு இயக்கத்தில் இல்லை. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர்த் தாரை வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. தொட்டியில் இருக்க வேண்டிய அளவை மீறித் திரவம் இருந்தது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1982இல் நிறுவனத்தின் அமெரிக்கத் தணிக்கைக் குழு இந்த ஆலையின் ஆபத்துகளைப் பட்டியலிட்டுத் தந்தது. உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, தன் சிறிய வார இதழில் அதே ஆண்டிலிருந்து ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் கிடையாது.

விபத்துக்குப் பிறகு நிறுவனம் சொன்ன விளக்கம் கவனிக்க வேண்டியது. அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்றது. தண்ணீர் எப்படிப் போனது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆனால் யார் திருப்பிவிட்டிருந்தாலும், குளிரூட்டியும் கழுவும் அமைப்பும் எரிகோபுரமும் இயங்கியிருந்தால் அந்த இரவு அப்படி முடிந்திருக்காது. ஒரு தனி மனிதன் மேல் விரலை நீட்டியதும் இந்தக் கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. விசாரணையைக் கெடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

பட்டாசு ஆலையும் பிரஸ் பட்டறையும்

தனி மனிதன் மேல் பழி போடும் இந்தப் போக்குக்குத் தமிழ்நாட்டில் பழகிய ஒரு வடிவம் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் நாளிதழில் ஒரே காரணம்தான் வரும்: மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு. அது பொய்யில்லை. ஆனால் வெடிமருந்து இருக்கும் அறையில் உராய்வு எப்போது வேண்டுமானாலும் வரும். வரும் என்று தெரிந்துதான் ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். ஒரு பொறி பறந்தால் ஒருவர் காயப்படுவதோடு முடிய வேண்டியது, ஏன் வரிசையாக அறைகள் தரைமட்டமாகி இருபது முப்பது உயிர்களைக் கொண்டுபோனது என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்தவற்றுக்குப் பின்னால் போனால், கதை மருந்து அறைக்கு வெளியே விரிகிறது. உரிமம் ஒருவர் பெயரில். உள்ளே அறைகள் பலருக்குக் குத்தகை. குத்தகைதாரருக்குப் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுக்க வேண்டும். மணி மருந்து செலுத்தும் ஃபேன்சி ரகங்களுக்குத்தான் விலை. அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து, மரத்தடியிலும் வேலை. உராய்வைக் காரணம் என்று எழுதி முடித்தால், இறந்துபோன தொழிலாளிதான் குற்றவாளி ஆகிறார். குத்தகையைக் காரணம் என்று எழுதினால், உயிரோடு இருக்கும் பலர் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெரிய வெடிப்புகள்தான் செய்தியாகின்றன. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை வட்டாரப் பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரங்கள் விரல்களை வாங்குவது செய்தியாவதில்லை. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே இருந்தால் சென்சார் நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு வந்ததும் ஒரு பட்டனைக் கட்டிவைப்பார்கள், சென்சாரைக் கழற்றிவிடுவார்கள். விரல் போன பிறகு அறிக்கையில் எழுதுவது: தொழிலாளியின் கவனக்குறைவு. சென்சாரைக் கழற்றச் சொன்னது யார் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே இருக்காது.

பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மட்டும், 2017 முதல் 2020 வரையான அரசுக் கணக்குப்படி, நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,100 பேர் இறந்திருக்கிறார்கள். நாளைக்கு மூன்று பேர். பதிவே இல்லாத பட்டறைகள் இந்தக் கணக்குக்கு வெளியே.

நல்ல விசாரணை எப்படி நடக்கும்?

உடைந்த இயந்திரம் ஊமையில்லை. பாய்லர் குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிழிந்த விளிம்பு கத்தி முனைபோல் மெலிந்து, வாய் அகலத் திறந்திருந்தால், தொழிலில் அதற்கு மீன் வாய் என்றே பெயர். தண்ணீர் ஓட்டம் தடைபட்டு, குறைந்த நேரத்தில் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். விளிம்பு தடித்தே இருந்தால், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சற்றே கூடுதல் வெப்பத்தில் உலோகம் தளர்ந்திருக்கிறது. உட்சுவரில் குழி குழியாக அரித்திருந்தால், பாய்லருக்குள் போன தண்ணீரின் சுத்திகரிப்பைப் பார்க்க வேண்டும். மூன்றும் வெடிப்புத்தான், ஆனால் கேள்வி கேட்க வேண்டிய ஆட்கள் மூன்று இடத்தில் இருக்கிறார்கள்.

அதனால்தான் விபத்து நடந்த இடத்தை உடனே கழுவித் துடைக்கக் கூடாது. வால்வுகள் எந்த நிலையில் இருந்தன, கட்டுப்பாட்டு அறைக் கணினியில் கடைசி மணி நேரங்களின் பதிவு, ஷிப்ட் லாக் புக், பர்மிட் சீட்டுகள், கழற்றிய உதிரிபாகங்கள் எல்லாம் பத்திரமாக வேண்டும். உயிர் தப்பியவர்களிடம், அவர்கள் பயமில்லாமல் பேசும் சூழலில், பேச வேண்டும். பிறகு ஒவ்வொரு விடைக்கும் ஏன் என்ற கேள்வியைத் திரும்பப் போட வேண்டும். குழாய் ஏன் சூடேறியது? தண்ணீர் குறைந்ததால். ஏன் குறைந்தது? பம்ப் நின்றதால். மாற்று பம்ப் ஏன் ஓடவில்லை? மூன்று மாதமாகப் பழுது. ஏன் சரிசெய்யவில்லை? உதிரிபாகத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. முதல் விடையில் நின்றால் ஆப்பரேட்டருக்கு மெமோ. கடைசி விடை வரை போனால் நிர்வாகக் குழுவின் கணக்குப் புத்தகம்.

உலகம் இப்படிக் கற்ற பாடங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். விரிசல் விட்ட ஒரு கலனை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் இருந்த கலன்களை இணைக்கத் தற்காலிகக் குழாய் போட்டிருந்தார்கள். அதற்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்ததுதான். சரிபார்க்க வேண்டிய தலைமைப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. எந்தச் சிறு மாற்றமும் தகுதியானவர் கையெழுத்தில்லாமல் நடக்கக் கூடாது என்ற நெறி, அந்த விபத்துக்குப் பிறகுதான் ரசாயனத் தொழிலில் வலுப்பட்டது. விசாகப்பட்டினத்தின் 2019 டிசம்பர் குழாய் மாற்றம் அந்த நெறியைத்தான் கேட்டது.

வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். இரவு ஷிப்டில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றியிருப்பதற்கான பர்மிட் சீட்டு இரவு ஷிப்டின் கண்ணில் படவில்லை. வால்வு கழற்றிய பம்பையே கிளப்பினார்கள். கல்லன் பிரபுவின் விசாரணை 106 பரிந்துரைகள் தந்தது, அனைத்தும் ஏற்கப்பட்டன. ஒரு துண்டுச் சீட்டில் தொடங்கிய விசாரணை, ஒரு நாட்டின் கடல் எண்ணெய்த் தொழிலின் சட்டத்தையே மாற்றியது.

உங்கள் ஆலையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கார்டு, சென்சார், ட்ரிப், சேஃப்டி வால்வு எதையாவது பை-பாஸ் செய்திருக்கிறார்களா? செய்தவர் யார், எப்போது பழையபடி ஆக்குவது என்று எங்கே எழுதியிருக்கிறது?

2. இயந்திரத்துக்குள் கை விடுமுன் மின்சாரம் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டார்களா? அந்தச் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில் இருக்கிறதா?

3. தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்குமுன் ஆக்சிஜனையும் விஷவாயுவையும் அளந்தார்களா? வெளியே ஆள் நிற்கிறாரா? மயங்கியவரைத் தூக்கக் கருவி இருக்கிறதா? முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு இறங்கியவர்களே பல விபத்துகளில் இறந்திருக்கிறார்கள்.

4. ஷிப்ட் மாறும்போது, பாதியில் நிற்கும் வேலைகளை அடுத்த ஷிப்டுக்கு நேரில் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களா? ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது அவர் மொழியில் போய்ச் சேர்கிறதா?

5. அபாயச் சங்கைக் கடைசியாக எப்போது ஊதிப் பார்த்தார்கள்? கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மதிலுக்கு வெளியே உள்ள ஊருக்குத் தெரியுமா?

விசாரிப்பவர் யார்?

சட்டம் நம்மிடம் புதிதில்லை. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்ததை அடுத்து, 1864இலேயே வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923இல்; அதன் இடத்தில் புதிய சட்டம் 2025இல். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்ந்தது. அதன் 41-எச் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்தில் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் அதே தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை என்று கருதப்படத் தேவையான ஆட்களின் எண்ணிக்கையை 10இலிருந்து 20 ஆக உயர்த்தியிருக்கிறது. விரல்கள் அதிகம் போகும் சின்னப் பட்டறைகளில் கணிசமானவை இதனால் வரம்புக்கு வெளியே போகின்றன.

குறை இருப்பது விசாரணையின் அமைப்பில். ரயில் விபத்து நடந்தால் ரயில்வே அதிகாரி மட்டும் விசாரிப்பதில்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுபவர்களே ரயில் விபத்தை விசாரித்தால் உண்மை வராது என்பதால் செய்த ஏற்பாடு. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் 290 பேருக்கு மேல் இறந்தபோது, சிக்னல் இணைப்பில் முன்பு செய்த மாற்றத்தில் இருந்த பிழை வரை அந்த விசாரணை போனது. விமானங்களுக்கும் தனியாகப் புலனாய்வு அமைப்பு உண்டு.

ஆலைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. தொழிற்சாலையின் வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதும், உரிமம் வழங்குவதும், ஆய்வுக்குப் போவதும், விபத்துக்குப் பிறகு விசாரிப்பதும், வழக்குத் தொடுப்பதும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்தான். ஆய்வில் எது தவறியது என்று கேட்க வேண்டிய இடத்தில் ஆய்வு செய்தவர்களே இருக்கிறார்கள். தனிப்பட்ட அதிகாரிகளின் நேர்மையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த நேர்மையான அதிகாரியையும் இக்கட்டில் வைக்கும் அமைப்பு இது. பெரிய விபத்து என்றால் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலோ மூத்த அதிகாரி தலைமையிலோ ஒரு குழு வரும். அறிக்கை கொடுத்ததும் குழு கலைந்துவிடும். பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தனவா என்று ஐந்து வருடம் கழித்துக் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1998இல் வேலையைத் தொடங்கிய ரசாயனப் பாதுகாப்பு வாரியம். அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விசாரிக்கும், அறிக்கையை முழுமையாக வெளியிடும், பரிந்துரை செய்யும், அது நிறைவேறியதா என்று பகிரங்கமாகப் பதிவு வைக்கும். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதுவும் பராமரிப்புக்குப் பிறகு ஆலையைக் கிளப்பும்போது. ஒரு கோபுரத்தில் திரவம் நிரம்பி வழிய, அளவு காட்டும் கருவி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. வாரியம் அந்தக் கருவியோடு நிற்கவில்லை. பராமரிப்புச் செலவைக் குறைக்கச் சொன்ன மேலிட முடிவுகள் வரை போய் எழுதியது. அந்த அறிக்கையை இன்று மணலியில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் படிக்க முடியும். மணலியில் விபத்து நடந்தால் அதன் அறிக்கையை அவர் படிக்க முடியுமா?

விபத்துகள் நின்றுவிடவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா மீனவக் கிராமங்களை விரட்டியது. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் மருந்துத் துணைப்பொருள் ஆலை வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்; அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை உடனே அறிவிக்கப்படுகிறது. காரணம் மட்டும் தாமதமாகிறது, பிறகு மறக்கப்படுகிறது.

செய்ய வேண்டியவை மூன்று. உயிரிழப்பு ஏற்படும் ஒவ்வோர் ஆலை விபத்தையும் விசாரிக்க, உரிமம் தரும் துறைக்கு வெளியே, பொறியாளர்களும் மருத்துவர்களும் தொழிலாளர் பிரதிநிதிகளும் கொண்ட நிரந்தர வாரியம் வேண்டும். அதன் அறிக்கை, குறித்த காலத்துக்குள், தமிழில், இணையத்தில் வெளியாக வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆலையும் அரசும் என்ன செய்தன என்பது அதன் அருகிலேயே எழுதப்பட வேண்டும். மோட்டார் வாகனத் தொழிலுக்கும் பட்டாசுக்கும் தோலுக்கும் ஜவுளிக்கும் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாடு இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசே தொடங்கலாம்.

உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் கடைசியாக நடந்த ஆலை விபத்தின் விசாரணை அறிக்கை எங்கே? அவர் கையில் அது இல்லையென்றால், சட்டமன்றத்தில் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.